ரெண்டு ஷிஃப்ட்டும் ஒண்ணா

இல்ல சார், ஜவுளி இல்ல. கீபோர்டு. கம்ப்யூட்டர்ல தட்டுவாங்கல்ல, அந்தக் கட்டை. ஜவுளிக்கடைப் பையில போட்டிருக்கேன், அவ்வளவுதான். புதுசுன்னு நெனச்சுராதீங்க. தொட்டுப் பாருங்க, மேல ஒரு எழுத்துக்கூட இருக்காது. எல்லாம் என் வெரலுல தேஞ்சு போனது. கொஞ்சம் நான் சொரண்டுனது.

எங்க கொண்டுபோறேனா? வீட்டுக்குத்தான். காளையார்கோவில் வண்டி வரட்டும், ஏறிப் போயிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். இனிமே இந்தப் படி ஏறுறதா இல்ல. இந்தா நம்ம தலைக்கு மேல மாடி இருக்குல்ல, கேபிள் டிவி ஆபீசு, அந்தப் படியத்தான் சொல்றேன். நீங்க அசலூரா? அப்ப உங்களுக்குத் தெரியாது. இந்த ஊருல வீட்டுக்கு வீடு எங்க சேனல்தான். கோயில் திருவிழா, பழைய படம், சாயங்காலம் உள்ளூர்ச் செய்தி. கீழ ஒரு பட்டையில எழுத்து ஓடும் பாருங்க, ஸ்க்ரோலிங். இன்னார் காலமானார், இன்னாருக்குப் பொறந்தநாள், கரண்டு இருக்காது, செவலைப் பசுமாடு காணோம். அது பூராம் அடிக்கிறது நான். என் பேரு வைரவன். அடிக்கிறது இல்ல, அடிச்சதுன்னு சொல்லணும் இப்ப.

டீ சாப்புடுங்க சார், ஆறுது.

நான் ஒண்ணும் பெரிய படிப்புப் படிச்சவன் இல்ல. பகல்ல அரிசி மில்லுல மூட்டை தச்சேன். ராத்திரிப் பள்ளிக்கூடத்துல பத்தாவது முடிச்சேன். அதே கட்டடத்துல பக்கத்து ரூமுல டைப்ரைட்டிங் சொல்லிக் குடுத்தாங்க, தமிழ் ஹையர் வரைக்கும் பாஸ் பண்ணுனேன். எதுக்குச் சொல்றேன்னா, வெரலுல ஒரு வித்தை ஏறிருச்சுன்னா அது எறங்காது. பொண்டாட்டி பேரு மறந்தாலும் மறக்கும், கொம்பு எந்தக் கட்டையில இருக்குங்கிறது மறக்காது.

இங்க முதலாளி சாகுல் பாய். நல்ல மனுசன்தான். காசு விசயத்துல மட்டும் கொஞ்சம் நிதானம். மொதல்ல ஆபீசுல இருந்தது திருட்டு விண்டோஸ் போட்ட லேப்டாப்பு. தேர் அன்னைக்கு நேரடி ஒளிபரப்பு ஓடிக்கிட்டிருக்கு, அம்மன் மூஞ்சிக்கு நேரா ஒரு கட்டம் வந்து நிக்குது, ‘உங்கள் காப்பி அசல் அல்ல’ன்னு இங்கிலீசுல. ஊரே பாத்துச்சு. மறுநாள் மதுரையிலேர்ந்து ஒரு ஆளக் கூட்டியாந்து லினக்ஸ் போட்டாரு பாய். அது ஓசி, வைரசும் வராதாம். அந்தாளு போட்டுட்டுப் போயிட்டான். போனப்புறம்தான் தெரியுது, அதுல தமிழ் வரல. நான் ‘காலமானார்’னு அடிச்சா இங்கிலீசு எழுத்து எலி கடிச்ச மாதிரி வருது. பாய் தலையில கைய வச்சு உக்காந்துட்டாரு.

நான்தான் சார் உக்காந்து பாத்தேன். செட்டிங்ஸ்னு ஒண்ணு இருக்கு. அதுல கீபோர்டு. அதுக்குள்ள போனா ஒரு கூட்டல் குறி. அத அமுக்குனா உலகத்துல இருக்கிற பாஷையெல்லாம் வரிசையா வரும். தமிழுக்கு மட்டும் நாலஞ்சு தினுசு வச்சிருக்கான். தமிழ்99ன்னு ஒண்ணு, டைப்ரைட்டர்னு ஒண்ணு, இங்கிலீசுல ‘அம்மா’ன்னு அடிச்சாத் தமிழுல அம்மா வர்றது ஒண்ணு. இந்தக் கடைசி ஒண்ணு போன்ல அடிக்கிற புள்ளைகளுக்கு. அத ஒரு வித்தைன்னே சொல்ல முடியாது.

நான் டைப்ரைட்டர எடுத்தேன். அதுலயும் சில கட்டைக நான் படிச்ச மெஷின் மாதிரி இல்ல, மாறியிருந்துச்சு. விடுவேனா? எந்தக் கட்டைய அமுக்குனா எந்த எழுத்துன்னு லினக்ஸ் ஒரு ஃபைல்ல எழுதி வச்சிருக்கு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பரு. அதத் தொறந்து ஒண்ணொண்ணா மாத்துனேன். ஒருநா கடைசியில ஒரு அரைப்புள்ளி போட மறந்துட்டேன். மறுபடி ஆன் பண்ணுனா மொத்தக் கீபோர்டும் செத்துப் போச்சு. தமிழும் இல்ல, இங்கிலீசும் இல்ல, பாஸ்வேர்டு போட்டு உள்ள போகக்கூட வழி இல்ல. மானிட்டர்ல கீபோர்டுப் படத்த வரவழச்சு, மவுச வச்சு ஒவ்வொரு எழுத்தாக் கொத்திக் கொத்தித்தான் சரி பண்ணுனேன். கோழி மாதிரி. பாய் பின்னாடி நின்னு பாத்துட்டு, “வைரவா, நீ இல்லேன்னா இந்தச் சேனலே இல்லப்பா”ன்னாரு. அவரு வாயாலயே சொன்னாரு, நின்ன எடத்த இப்பவும் காட்டுவேன்.

அதுக்கப்புறம் பாதுகாப்புக்காகச் சில ஏற்பாடு பண்ணுனேன். மத்த தமிழையெல்லாம் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டேன். எதுக்கு அத்தனை, குழப்பம்தான? லேப்டாப்புக் கட்டை வெரலுக்குத் தோதில்லன்னு என் காசுல இந்தக் கீபோர்ட வாங்கி மாட்டியிருந்தேன், அது மேல ஒட்டியிருந்த தமிழ் ஸ்டிக்கரச் சொரண்டிட்டேன். அந்தப் பசை மெஷினுக்கு ஆகாது. இங்கிலீசுலேர்ந்து தமிழுக்கு மாறுறதுக்கு, எல்லாரும் வைக்கிற கட்டைய விட்டுட்டு, ரெண்டு ஷிஃப்ட்டையும் ஒண்ணா அமுக்கணும்னு வச்சேன். இந்தக் கோடியில ஒண்ணு, அந்தக் கோடியில ஒண்ணு. தெரியாத ஆளு தெரியாம அமுக்கிரக் கூடாதுல்ல? பொது எடம் சார். நாலு பேரு வந்து போற எடம்.

ஜெசிந்தாவச் சொல்லலையே நான். செய்தி வாசிக்கிற பொண்ணு. பொண்ணுன்னா, கல்யாணம் ஆகி ரெண்டு புள்ளை, வீட்டுக்காரரு ஆட்டோ ஓட்டுறாரு. நல்ல குரலு. அவ வாசிச்சா எழவுச் செய்திகூட என்னமோ நல்ல சேதி மாதிரி இருக்கும். தெனமும் மத்தியானம் வரும். செய்திய ஒரு தாள்ல கையால எழுதிக் கொண்டாரும். “அண்ணே, இத மட்டும் அடிச்சுக் குடுங்கண்ணே”ன்னு வச்சிட்டு நிக்கும். நான் அடிப்பேன். அப்பப்ப ஒரு வார்த்தைய மாத்துவேன். “‘நடைபெற்றது’ன்னு போடு தாயி, ‘நடந்தது’ன்னா ரோட்டுல நடந்த மாதிரி இருக்கு.” “ஆமாண்ணே, நீங்க சொன்னாத்தாண்ணே தெரியுது”ம்பா.

ஒருதரம் கேட்டுச்சு, “அண்ணே, எனக்கும் சொல்லித் தாங்களேன்”னு. “இது டைப்ரைட்டிங் பாஸ் பண்ணுனவுகளுக்கே கஷ்டம் தாயி, உனக்கு எதுக்கு இந்தத் தொல்லை? நான்தான் இருக்கேன்ல?” அப்படின்னேன். அக்கறையாத்தான் சொன்னேன். அதுக்கப்புறம் அது கேக்கவே இல்ல.

ரெண்டு வருசத்துக்கு முந்தி மாசிக் களரிக்குக் குலசாமி கும்புடப் போனேன். போன எடத்துல சித்தப்பா மகனுக்கு ஒடம்புக்கு முடியாமப் போயி, வர நாளாயிருச்சு. மனசு பூராம் இங்கதான். போன் வரும் வரும்னு கையிலயே வச்சிருந்தேன். வரல. திரும்பி வந்து பாத்தா ஸ்க்ரோலிங் ஓடிக்கிட்டிருக்கு. நான் அடிச்சு வச்சிட்டுப் போனதே சுத்திச் சுத்தி ஓடியிருக்கும் போலன்னு நெனச்சேன். அப்ப அந்த வாரம் ஊருல சாவே விழலையான்னு ஒரு சந்தேகம். நாம ஊருல இல்லேன்னா சனம் சாகக்கூட யோசிக்கும் போலன்னு நானே நெனச்சுச் சிரிச்சுக்கிட்டேன்.

சிரிச்சேன் சார். அதத்தான் சொல்ல வாறேன்.

இப்ப ஐப்பசியில கண்ணுல பொரை விழுந்து ஆபரேசன். அதான் இந்தக் கறுப்புக் கண்ணாடி. நீங்க மொதல்ல பாத்துட்டுக் கொஞ்சம் தள்ளி உக்காந்தீங்க, நான் கவனிச்சேன். போறதுக்கு மொதநாள் பாய்கிட்டச் சொன்னேன், “பாய், ரெண்டு வாரத்துக்கு ஆகுற மாதிரிப் பொதுவா நாலு வரி அடிச்சு வச்சிருக்கேன். தண்ணியச் சிக்கனமாப் பயன்படுத்துவீர், அது இதுன்னு. அவசரம்னா போன் போடுங்க, ஜெசிந்தாவ உக்கார வச்சு நான் போன்லயே ஒவ்வொரு கட்டையாச் சொல்றேன்.” பாய் தாடியத் தடவிக்கிட்டு, “நீ கண்ணப் பாரு வைரவா”ன்னாரு. நானும் அத அன்புன்னு எடுத்துக்கிட்டேன்.

ஆபரேசன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு. டிவி பாக்கக் கூடாது, குனியக் கூடாது, தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது. ஒத்தக் கண்ணு கட்டுல இருக்கு. இன்னொரு கண்ணு சும்மாத்தான இருக்கு? டிவியப் போட்டேன். என் சம்சாரம் திட்டுது. “டாக்டரு என்ன சொன்னாரு?” “டாக்டரு அந்தக் கண்ணுக்குச் சொன்னாரு.”

பாக்குறேன். ஸ்க்ரோலிங் ஓடுது. தண்ணிச் சிக்கனம் இல்ல சார். ‘மேலத்தெரு கருத்தான் அம்பலம் அவர்கள் இன்று அதிகாலை இயற்கை எய்தினார்.’ கருத்தான் அம்பலம் ஆஸ்பத்திரிக்கு என்கூட ஒரே பஸ்ஸுல வந்தவரு! நான் போனப்புறம் செத்தவரு. அவரு சாவ யாரு அடிச்சது? கால் ஒடிஞ்சிருக்கா, கொம்பு எடம் மாறியிருக்கா, ஒத்துப்புள்ளி விட்டுப் போயிருக்கான்னு ஒத்தக் கண்ணாலயே தேடுறேன். சுத்தம். ஒரு தப்பு இல்ல. செத்தவரப் பத்தி நெனைக்கணும்னே எனக்குத் தோணல, பாருங்க. அவ்வளவு வயித்தெரிச்சல்.

போன் வரும்னு பாத்தேன். வரல. மறுநாளும் வரல. ஸ்க்ரோலிங் மட்டும் புதுசு புதுசா ஓடுது. யாரையாச்சும் மதுரையிலேர்ந்து கூட்டியாந்துட்டாரா பாய்? எனக்குத் தெரியணுமா இல்லையா? அதனால சின்னதா ஒரு பரிசோதனை பண்ணுனேன். தப்பா நெனைக்காதீங்க, தரம் பாக்குறதுக்குத்தான். ஒரு வடமொழிப் பேரக் குடுத்தா எந்தத் தட்டச்சு ஆளும் தெணறுவான். ஸ்ரீ எங்க இருக்கு, க்ஷ எங்க இருக்குன்னு கட்டைய மேயணும். சம்சாரம் போன்லேர்ந்து போட்டேன், குரல மாத்திக்கிட்டேன், மூக்கப் பிடிச்சுக்கிட்டு.

எடுத்தது ஜெசிந்தா. “வணக்கம், சொல்லுங்க.”

“பொறந்தநாள் வாழ்த்து ஒண்ணு போடணும்.”

“பாப்பா பேரு?”

“ஸ்ரீஹர்ஷலக்ஷ்மி.”

“நல்ல பேரு. எத்தனாவது பொறந்தநாளு?”

இத நான் யோசிக்கல. “மொத... மொதலாவது.”

“வாழ்த்துறது யாருன்னு போட?”

இதையும் யோசிக்கல. வாயில வந்தது, “தாத்தா.”

“சரிங்க தாத்தா. போட்டுருவோம். கண்ணப் பத்திரமாப் பாத்துக்கங்க”ன்னு வச்சிருச்சு.

மரியாதையான பொண்ணு. போன்ல யாரு பேசுனாலும் கண்ணு, காலு, ஒடம்புன்னு ஒண்ணு விசாரிக்கும் போல.

சம்சாரம் காப்பி போட்டுக் கொண்டாறதுக்குள்ள ஓடுது சார்! ‘முதலாம் பிறந்தநாள் காணும் செல்வி ஸ்ரீஹர்ஷலக்ஷ்மி பல்லாண்டு வாழ்க. அன்புடன், தாத்தா.’ தெளிவா, ஸ்ரீ ஸ்ரீயா, க்ஷ க்ஷவா. பொறக்காத புள்ளை ராத்திரி வரைக்கும் சுத்திச் சுத்தி ஓடுது. சம்சாரம் காப்பிய வச்சிட்டு, “பாவம், யாரு வீட்டுப் புள்ளையோ, நல்லா இருக்கட்டும்”ங்குது. நான் என்ன சொல்ல? காப்பியக் குடிச்சேன்.

ஓய்வு முடியுற வரைக்கும் பொறுக்கல. இன்னைக்குக் காலையிலயே வந்துட்டேன். லேப்டாப்பத் தொறந்து பாத்தா, நான் வச்சிட்டுப் போன மாதிரியே இருக்கு. பட்டியல்ல என் தமிழ் மட்டும்தான். ரெண்டு ஷிஃப்ட்டும் அப்படியே. இந்தக் கீபோர்டு மேல தூசி படாம துண்டு போட்டு மூடியிருக்கு. ஒருத்தனும் தொட்ட அடையாளமே இல்ல.

மத்தியானம் ஜெசிந்தா வந்துச்சு. “அண்ணே! வந்துட்டீங்களா? நீங்க இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருந்துச்சுண்ணே. இத அடிச்சுக் குடுங்க”ன்னு தாள நீட்டுது. கையால எழுதுன தாளு. எப்பவும் போல.

“இம்புட்டு நாளும் யாரு அடிச்சது?”

“அது... பாய் யாரையோ வச்சு ஏதோ பண்ணுனாருண்ணே. எனக்கென்ன தெரியும்?”

நான் நம்பிட்டேன். உக்காந்து அடிக்க ஆரம்பிச்சேன், மனசு பாதி ஆறிப் போச்சு. அப்பப் பாத்து பாய் தொழுகை முடிச்சு உள்ள வாராரு. வந்தவரு வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும்ல? “என்ன வைரவா, இன்னும் நாலு நாள் ஓய்வெடுக்க வேண்டியதுதான? அதான் ஜெசிந்தா அடிக்குதே.”

“ஜெசிந்தாவா?”

“பின்ன? அது ரெண்டு வருசமா அடிக்கும்யா. நீ குலசாமி கும்புடப் போயி வரக் காணோம்ல, அந்த வாரம் ஊருல மூணு சாவு. தவிச்சுப் போயி நின்னேன். இந்தப் புள்ளைதான் அந்தக் கூட்டல் குறிய அமுக்கி என்னத்தையோ எடுத்துச்சு, இங்கிலீசுல அம்மான்னா தமிழுல அம்மா. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகல. அடிச்சு முடிச்சதும், நீ எப்ப வந்து நிப்பியோன்னு எல்லாத்தையும் அன்னன்னைக்கே பழையபடி எடுத்து வச்சிரும். உங்கிட்டச் சொல்ல வேணாம்னுச்சு.” அப்பத்தான் அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தாரு. “ஆகா”ன்னுட்டு அப்படியே திரும்பிப் போயிட்டாரு மனுசன்.

மூணு சாவு சார். நான் சிரிச்ச வாரம்.

திரும்பிப் பாத்தேன். அது தாளோட நுனியத் திருகிக்கிட்டு நிக்குது. “ஏன் தாயி?”ன்னேன். அவ்வளவுதான் கேக்க வந்துச்சு.

“நீங்க கேக்கலையேண்ணே.”

“தெரிஞ்சு வச்சுக்கிட்டுத் தெனமும் தாளத் தூக்கிக்கிட்டு வந்து நின்னியே?”

“எனக்கு வாசிக்கத்தாண்ணே புடிக்கும்.”

நீங்களே சொல்லுங்க சார், இது துரோகமா இல்லையா? ஒருத்தன் பொருளத் தூக்கிட்டு ஓடிட்டான்னா அது திருட்டு, போலீசுல சொல்லலாம். இத எங்க போயிச் சொல்றது? ரெண்டு வருசமா, தெனம், தெரியாத மாதிரி நடிச்சிருக்கு. வீட்டுல ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு, உக்காந்து கையால எழுதி, வெயில்ல தூக்கிக் கொண்டாந்து, நான் அடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்து. நடைபெற்றது, நடந்ததுன்னு நான் பாடம் எடுக்க, “நீங்க சொன்னாத்தாண்ணே தெரியுது.” அது அடிச்சா அரை மணி நேரத்துல முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருக்கும். என்ன ஒரு நெஞ்சழுத்தம் பாருங்க.

எனக்கு வேலை குடுத்தது பாய்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

அதான் கழட்டிட்டேன். லேப்டாப்பு பாயோடது, மேசை பாயோடது, இது நான் வாங்குனது. துண்டோட சுருட்டிப் பையில போட்டு எறங்கிட்டேன். அது கூப்புடல. வாசல் வரைக்கும் வந்துச்சு, கூப்புடல. நானும் திரும்பிப் பாக்கல. பாத்தேன், ஒருதரம். படியில கண்ணு சரியாத் தெரியாதுல்ல, அதுக்காக.

வீட்டுல போயி என்ன செய்றதுன்னு கேக்குறீங்களா? பாப்போம். சம்சாரத்துக்கிட்டக் கண்ணு வலிக்குதுன்னு சொல்லலாம். பொழுது போகலேன்னா டிவி இருக்கு. டிவியப் போட்டா ஸ்க்ரோலிங் ஓடும். அத வேற பாக்கணும்.

அந்தா ஒரு வண்டி வருதே, எனக்கு போர்டு மங்கலாத் தெரியுது, காளையார்கோவிலான்னு பாருங்க. இல்லையா? திருவாடானையா? சரி.

யாரு? மாடியிலேர்ந்தா?

என்னயத்தான். ஜெசிந்தா. சன்னல்ல நிக்குதா? நான் பாக்க மாட்டேன் சார், நீங்களே பாத்துச் சொல்லுங்க. கைய ஆட்டுதா?

“அண்ணே! தமிழ் வர மாட்டேங்குதுண்ணே!”

கேட்டீங்களா? தமிழ் வரலையாம். ஸ்ரீஹர்ஷலக்ஷ்மிக்கு வந்த தமிழ், காப்பி ஆறுறதுக்குள்ள வந்த தமிழ், இப்ப வரலையாம். என்னா நடிப்பு பாருங்க. நான் அசைய மாட்டேன்.

“எழவுச் செய்திண்ணே! ஆளு வந்து காத்துக்கிட்டு நிக்கிறாக. நாளைக்குக் காலையில எடுக்குறாகளாம். இங்கிலீசாவே வருதுண்ணே!”

செட்டிங்ஸ் இருக்கு, கூட்டல் குறி இருக்கு, அதுக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். லேப்டாப்புலயே கட்டை இருக்கு, என் கீபோர்டுகூட வேணாம். எனக்கு என்ன வந்துச்சு? ஸ்க்ரோலிங் ஓடுனா ஓடட்டும், நின்னா நிக்கட்டும்.

ஆனா செத்தவுக வீட்டு ஆளு நிக்கிறாகங்குது. அவுக என்ன பாவம் பண்ணுனாக?

“ரெண்டு ஷிஃப்ட்டையும் ஒண்ணா அமுக்கு தாயி!”

“அமுக்குறேண்ணே! கை எட்டலண்ணே!”

கை எட்டலையாம் சார். ஒரு முழம்கூட இல்லாத லேப்டாப்புல. ஒரு கையில புள்ளையவும் ஒரு கையில குடத்தையும் தூக்குற பொம்பளைக்குக் கை எட்டலையாம்.

இந்த டீக்கு நான் சொல்லிக்கிறேன் கடையில, நீங்க வச்சுக்கங்க காச. அந்தப் பைய இப்படி எடுங்க. இல்லல்ல, கவுக்காதீங்க, மெதுவா, அதுல ஒரு கட்டை லூசு. என் வண்டி வந்துச்சுன்னா வரட்டும், அடுத்தது இல்லாமலா போயிரும்.

“இரு தாயி, வாறேன்! நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாத!”